வழி தெரிந்தவர்களை நனைக்காத அருவி

சென்னிமலையில் விசைத்தறி வைத்திருக்கும் சென்னியப்பன் தன் ஆயுசில் யாரிடமும் வழி கேட்டதில்லை. வாயிருந்தால் வங்காளத்துக்கும் போகலாம் என்பார்கள், அவருக்கும் வாய் இருந்தது, ஆனால் அதைச் சாப்பிடவும் நூல் வியாபாரிகளைத் திட்டவும் மட்டுமே வைத்திருந்தார். தாராபுரத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கென்று புறப்பட்டு, உடுமலைப்பேட்டையில் முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்தில் போய் இறங்கி, முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தடவை வாங்கி, மணமக்களுக்கு விபூதி பூசி, ரசத்தில் உப்புக் குறைச்சல் என்று பெண்ணைப் பெற்றவரிடம் குறையும் சொல்லிவிட்டுத் திரும்பிய மனிதர் அவர். மண்டபத்து வாசலில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்ததுமே அவர் மனைவி துளசிமணிக்கு அது வேறு கல்யாணம் என்று தெரிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை, பேசாமல் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் டி.வி.எஸ். வண்டியில் காங்கேயம் போகும்போது, ஒரு முக்கில், "அந்தப் பக்கமுங்க" என்று பின்னாலிருந்து சொன்னாள். சென்னியப்பன் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பிப் பார்த்து, வண்டியை ஓட்டுவது நானா நீயா என்று கேட்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். அதற்கப்புறம் முப்பது வருஷம் அவர் தப்பிய ஒவ்வொரு வழியிலும், சரியான வழி எது என்று தெரிந்துகொண்டே அவள் பின்னால் உட்கார்ந்து போனாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. தறிக்கூடத்துச் சுவரில் ஒரு பழைய காலண்டர், வருஷம் போய்த் தேதியெல்லாம் கிழிந்தும் படத்துக்காக மாட்டி வைத்திருந்தது, அதில் ஒரு அருவி. அதன்மேல் படியும் பஞ்சைத் தினமும் அவள்தான் துடைப்பாள். பிறந்ததிலிருந்து தன் தலையில் தானே மொண்டு ஊற்றிக்கொண்ட தண்ணீரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், பிள்ளைக்கு ஊற்றினாள், மாமியாருக்கு ஊற்றினாள், வெள்ளாட்டுக்குக்கூட ஊற்றினாள். யாரும் மொள்ளாமல், யாரும் ஊற்றாமல், தானாக வந்து தலையில் விழுகிற தண்ணீருக்கு அடியில் ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அடுத்த சீசனுக்குப் போகலாம், அடுத்த சீசனுக்குப் போகலாம் என்று சென்னியப்பன் சொல்லிச் சொல்லியே அவள் தலை நரைத்துவிட்டது.

அப்படியிருக்க, மகன் பெங்களூரிலிருந்து ஒரு போன் வாங்கி அனுப்பினான், வழி சொல்லும் போன். அதற்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். பெண்டாட்டி பேச்சுக்கு ஒரு சாண் வண்டியைத் திருப்பாத சென்னியப்பன், இந்தக் குரல் இடதுபுறம் திரும்பவும் என்றால் திரும்பினார், நேராகச் செல்லவும் என்றால் சென்றார், நடுநடுவே "சரிங்க அம்மிணி" என்று பதிலும் சொன்னார். வாயைக் கட்டி வைத்திருந்ததற்கு நல்ல பலன்தான், வீட்டுக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள் என்று துளசிமணி நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சக்களத்தியின் தைரியத்தில்தான் சென்னியப்பன் ஏழுமடை அருவிக்குக் கிளம்பினார். துணி மூட்டை ஏற்றும் வேனில் சீட்டு மாட்டி, தங்கை பூங்கோதையையும் அவள் புருஷன் தண்டபாணியையும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு, சீயக்காய்ப் பொட்டலமும் ஒரு தூக்குப்போசி நல்லெண்ணெயுமாகப் புறப்பட்டார்கள்.

அம்மிணி அவர்களை மதுரையில் ஒரு மாட்டுச் சந்தைக்குள் விட்டாள், அங்கே வேனுக்கு ஒருவர் விலை கேட்டார். விருதுநகர் தாண்டி ஒரு கல்குவாரிக்குள் விட்டாள், அங்கே வெடி வைக்கப் போகிறோம் என்று சிவப்புத் துணியைக் காட்டித் துரத்தினார்கள். அப்படியும் இப்படியுமாகக் கரிசல் காட்டில் ஒரு புளியமரத்து முக்குக்கு வந்தபோது, தண்டபாணி குறட்டையில் இருந்தார், பூங்கோதையும் பிள்ளைகளும் அவர்மேல் சாய்ந்து தூங்கினார்கள், சென்னியப்பனின் கண் போனில் இருந்தது. முக்கில் நெடுஞ்சாலைக்காரர்கள் வைத்த பலகை ஒன்று இருந்தது. ஏழுமடை அருவி, இடது பக்கம் அம்புக்குறி. அம்மிணி வலதுபுறம் திரும்பச் சொன்னாள். துளசிமணி பலகையைப் படித்தாள், வாயைத் திறந்தாள், காங்கேயத்து முக்கு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டாள். வேன் வலது பக்கம் திரும்பியது.

இன்னும் பத்து நிமிடத்தில் சேருமிடம் என்று அம்மிணி அறிவித்ததும், அருவிக்கரைக் கூட்டத்தில் எண்ணெய் தேய்க்க இடம் கிடைக்காது என்று ஒரு வாகை மரத்தடியில் வண்டியை நிறுத்தி எல்லோரும் உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். துளசிமணிக்குத் தெரியும், ஆனாலும் தேய்த்துக்கொண்டாள். ஆசை யாரை விட்டது? எண்ணெய் வடிய வடிய ஆறு பேரும் சீட்டில் ஒட்டாமல் நுனியில் உட்கார்ந்து வந்தபோது, ஒரு ஊர் நடுவில், ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு எதிரில், நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள், சேருமிடம் உங்கள் இடதுபுறம் உள்ளது என்று சொல்லிவிட்டு அம்மிணி அடங்கினாள்.

அந்த ஊருக்கு நத்தக்குளம் என்று பெயர். பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, பேரோ பெரிசு குடிக்கத் தண்ணி இல்லை என்பது அந்த ஊருக்காகவே சொல்லி வைத்தது, குளமும் கிடையாது, நத்தையும் கிடையாது. தொட்டி கட்டித் திறப்புவிழா நடத்தி ஜிலேபி கொடுத்ததோடு சரி, அதற்குள் இன்றுவரை ஒரு சொட்டு ஏறியதில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில், எண்ணெய்க் கோலத்தில் ஆறு பேர் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்து ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. டீக்கடை சீனிச்சாமி பஜ்ஜி மாவைக் கரைக்க ஆரம்பித்தார். பஞ்சாயத்துத் தலைவி வெயிலுகந்தாள் ஆறு குடங்களை எடுத்துக்கொண்டு வந்து, ஆம்பிளையாளுக கிழக்கே, பொம்பளையாளுக மேற்கே, குளிச்சு முடிக்கையில ஆளுக்கொரு குடம் பிடிச்சுக் குடுத்திரணும் என்று சொல்லிக் கையில் கொடுத்தாள்.

தொட்டிக்கு மேலே, வெறும் ஆகாயத்திலிருந்து, அருவி விழுந்தது.

அது விழ ஆரம்பித்து ஒரு வருஷமாகிறது என்று சீனிச்சாமி பிற்பாடு சொன்னார். முதலில் ஒரு கார் வந்தது, வழி தவறிய காரில் வந்தவர்கள் இடது பக்கம் பார்த்துக்கொண்டு அருவி எங்கே என்று நின்றார்கள், நின்றவர்கள் தலையில் அருவி விழுந்தது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஊரார் தலையில் ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. அவர்கள் நீட்டிய குடத்திலும் விழவில்லை, வெயிலில் காய்ந்த குடம் காய்ந்தபடியே இருந்தது. அந்தத் தண்ணீர் வழி தொலைந்து வந்தவர்களை மட்டும்தான் நனைத்தது, அவர்கள் கை பிடித்த பாத்திரத்தை மட்டும்தான் நிறைத்தது. சாமி குற்றமா, தொட்டி கட்டியவன் குற்றமா என்று ஊர்க்கூட்டத்தில் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வேலையைப் பார்த்தார்கள். குளிக்கிறவர் ஆளுக்கு ஒரு குடம் பிடித்துத் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். துணி மாற்ற ஓலைத் தட்டி கட்டினார்கள். அருவி என்றால் குரங்கு வேண்டுமே என்று எங்கிருந்தோ குரங்குகளும் வந்து சேர்ந்தன, அவற்றையும் ஊர்க்கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். முக்கியமாக, வருகிறவர் யார் வழி கேட்டாலும் நத்தக்குளத்தில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது, எங்களுக்குத் தெரியாது, போனைப் பாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். தாங்களே தொலைந்து பார்க்கவும் முயன்றார்கள். சீனிச்சாமியின் கண்ணைக் கட்டி மாட்டுவண்டியில் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள், அவர் தன் கடை எண்ணெய்ச் சட்டியின் வாசனை பிடித்து, ஏலே, பஜ்ஜி கருகுது என்று கத்தினார், அருவி அவரைத் தொடவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில் தொலைந்துபோவது லேசான காரியமா?

அன்றைக்கு சென்னியப்பன் போய் நின்றதும் அருவி இரைச்சல் போட்டது. அப்படியொரு கனத்த தண்ணீரை நத்தக்குளம் பார்த்ததில்லை, அவ்வளவு முழுசாக வழி தொலைந்த மனிதர் அதுவரை வந்ததில்லை. ஒரு குடம் பிடிக்கச் சொன்னவர்கள் ஓடிப்போய் அண்டா கொண்டுவந்தார்கள், அண்டாவும் நிறைந்தது, அவர் கை வைத்ததும் தரையில் கிடந்த சிமெண்டுத் தொட்டியும் நிறைந்தது, ஏழுமடை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள் என்று அவர் தலையைச் சிலுப்பிக்கொண்டு சத்தம் போட்டார். தண்டபாணி நனைந்தார், பூங்கோதை நனைந்தாள், பிள்ளைகள் நனைந்தார்கள். துளசிமணி கடைசியாகப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு, காலண்டரை மனசில் நினைத்துக்கொண்டு, நடுஅருவியில் போய் நின்றாள்.

தண்ணீர் அவளைச் சுற்றி விழுந்தது. முன்னால் விழுந்தது, பின்னால் விழுந்தது, இரண்டு தோளுக்கும் அப்பால் விழுந்தது, அவள்மேல் மட்டும் விழவில்லை. ஒரு எட்டு நகர்ந்தாள், தண்ணீரும் ஒரு எட்டு நகர்ந்தது. இரைச்சலுக்கு நடுவே தலையில் எண்ணெய் கலையாமல், சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் அவள் நின்றதை ஊர் மொத்தமும் பார்த்தது. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீராவது நனைக்கட்டும் என்று அழுதாள்.

வெயிலுகந்தாள் கிட்டே வந்து, வாய்க்குள் வைத்திருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யக்கா, ஒங்களுக்கு வழி தெரியுமா?"

துளசிமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புளியமரத்து முக்குல பலகை இருந்துச்சுங்க. அருவிக்கு இடது பக்கம்னு போட்டிருந்துச்சு."

சென்னியப்பன் தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டை நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கு இது ஏழுமடை இல்லை என்று தெரிந்தது. "ஏம்புள்ள, தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க கேக்கலீங்களே," என்றாள் துளசிமணி.

எண்ணெய்த் தலையோடு ஒரு பெண்ணை ஊர் எல்லை தாண்ட விடுவது நத்தக்குளத்தில் வழக்கமில்லை, அப்படி அனுப்பினால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது. சற்றுமுன் பிடித்த குடத்திலிருந்து ஊற்றிக் குளிக்கச் சொல்லி வெயிலுகந்தாள் தன் வீட்டுக் குடத்தையே கொண்டுவந்து வைத்தாள். குடிக்கிற தண்ணீரைத் தலையில் ஊற்ற மாட்டேன், மொண்டு ஊற்றிக் குளிக்க எனக்குச் சென்னிமலையிலேயே தொட்டி இருக்கிறது என்று துளசிமணி மறுத்துவிட்டாள். அதனால் அவளைத் தொலைப்பது ஊர்க் காரியமாயிற்று. துண்டால் கண்ணைக் கட்டி வேனில் ஏற்றினார்கள், அம்மிணி சொன்ன சந்து பொந்தெல்லாம் சென்னியப்பன் ஓட்டினார். கன்னத்தில் படுகிற வெயிலை வைத்தே துளசிமணிக்குத் திசை தெரிந்தது, ஆட்டுக்கிடையின் வாடை வந்ததும் இன்னும் ஒரு திருப்பம்தான் என்று தெரிந்தது. இறங்கிப் போய் நின்றாள், அருவி பழையபடி விலகிக்கொண்டது. இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டுத் தொட்டியின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். எண்ணெய் நெற்றியில் இறங்கிக் கண்ணைக் கரித்தது.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் வேனைச் சுற்றி நடந்தார். டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். பிறகு வந்து அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"அந்த உடுமலப்பேட்டைக் கல்யாணம்?" என்றார்.

"வாசல்ல பேரு போட்டிருந்துச்சுங்க."

"பாயசம் ரெண்டு தடவை வாங்கினனே."

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது. எழுந்து போய் வேனில் உட்கார்ந்து, போனை எடுத்து, அம்மிணி ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போதே, சீட்டுக்கு அடியில் புளிச்சோற்றுப் பாத்திரத்துக்குள் போட்டு மூடினார். ஒரே ஒரு தடவை வா என்று துளசிமணியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி மூஞ்சி சரியில்லை, நாங்களும் வர்றோம் என்று வெயிலுகந்தாளும், அவளோடு குடமும் கையுமாக நின்ற பெண்களும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஒரு வருஷமாக அடுத்தவர் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அவர்களும் எண்ணெய் தேய்த்திருந்தார்கள்.

ஊர் தாண்டி முதல் பிரிவில் வேன் நின்றது.

"துளசி, எந்தப் பக்கம் போறது?"

அவர் போனிடம் பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். போன் புளிச்சோற்றில் கிடப்பது நினைவு வந்து அவரைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சோத்தாங்கைப் பக்கமுங்க," என்றாள். வேன் சோற்றாங்கைப் பக்கம் திரும்பியது. அடுத்த பிரிவிலும் நின்றார், கேட்டார், சொன்னாள், திரும்பினார். மூன்றாவது பிரிவுக்கு வருவதற்குள் அவளுக்கு வாய் நிற்கவில்லை. இங்கே ரைஸ்மில்லை ஒட்டித் திரும்புங்கள் என்றாள், அங்கே ரைஸ்மில் இல்லை, அது தாராபுரத்து வழி, அன்றைக்குச் சொல்லாமல் விட்டது. பேக்கரிக்கு எதிர்ச் சந்து என்றாள், அது பழனிக்குப் போனபோது விட்ட சந்து. வாய்க்கால் பாலம் ஏறாமல் கீழே இறங்குங்கள் என்றாள், பாலமும் இல்லை வாய்க்காலும் இல்லை, அது காங்கேயம், டி.வி.எஸ். வண்டி, அவளுக்கு அப்போது இருபத்தோரு வயசு. அவள் சொன்ன இடத்திலெல்லாம் கேட்டுக் கேட்டு அவர் திரும்பினார். காட்டிலும் மேட்டிலும் வேன் முப்பது வருஷத்து வழியை ஓடியது. பின்னால் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அப்புறம் எங்கிட்டுத் திரும்பணும், சொல்லுங்க மதினி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், பிறகு தாங்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். பேச்சு முற்றி, அழுகிறவள் அழுது சிரிக்கிறவள் சிரித்து, யாருக்கும் கிழக்கு எது மேற்கு எது என்ற நினைப்பே இல்லாதபோது வேன் ஒரு ஊருக்குள் நுழைந்தது.

அந்த ஊரில் உயரமாக ஒரு தொட்டி இருந்தது. ஒரு டீக்கடை இருந்தது, கடைக்காரர் கரண்டியோடு வாசலில் நின்றார். நல்ல ஊராகத் தெரியுதே, வேம்பெல்லாம் என்ன குளுமையா நிக்கி என்று வெயிலுகந்தாள் எட்டிப் பார்த்தாள். இறங்கிப்போய்க் கடைக்காரரிடம், அண்ணே, இது எந்த ஊரு என்று கேட்டாள். சீனிச்சாமிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றினார்.

"எனக்குத் தெரியாதும்மா, போனைப் பாருங்க."

துளசிமணி இறங்கி நான்கு எட்டு வைத்திருப்பாள். தண்ணீர் அவள் உச்சியில் விழுந்தது. முதலில் அடித்தது, வலித்தது, பிறகு தோளைப் பிடித்து அமுக்கியது, எண்ணெய் இறங்கியது, கொண்டை அவிழ்ந்தது, வாயைத் திறந்தால் வாய்க்குள்ளும் விழுந்தது. யாரும் மொள்ளவில்லை, யாரும் ஊற்றவில்லை. பக்கத்தில் வெயிலுகந்தாள் குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றாள், குடம் நிறைந்து வழிந்து அவளையும் நனைத்தது, இது நம்ம ஊருல்லா, இது நம்ம தொட்டில்லா என்று அவள் கண்டுகொள்வதற்குள் எல்லாக் குடமும் நிறைந்திருந்தது. துளசிமணி சந்தோஷமாக இருந்தாள், அதற்குமேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

சென்னியப்பன் ஆவலாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். அருவி அவரை விட்டுவிட்டுச் சுற்றி விழுந்தது. கொஞ்சம் முன்னால் அண்டா நிறைத்த மனிதர் தலையில் ஒரு பொட்டு இல்லை. வழி கேட்டு வந்தவரு தொலைஞ்சவரு ஆவாரா அண்ணாச்சி என்று சீனிச்சாமி கரையிலிருந்து விளக்கம் சொன்னார். சென்னியப்பன் உலர்ந்த தலையோடு, நனைந்த பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். துளசிமணி கையில் ஒரு வாய் தண்ணீர் ஏந்தி அவர் உச்சியில் வைத்து அழுத்தினாள்.

நத்தக்குளத்தில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஊர்ப் பெண்கள் எண்ணெய் தேய்த்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொள்கிறார்கள் என்பதும், மனசில் அடக்கி வைத்த பேச்சு அதிகம் உள்ளவளை முன்சீட்டில் உட்காரவைத்து மற்றவர்கள் வழி கேட்கிறார்கள் என்பதும், அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து ஊர்களில்கூடக் கிராக்கி வந்துவிட்டது என்பதும் பிற்பாடு நடந்த கதை. ஆண்களையும் ஒருதரம் அனுப்பிப் பார்த்தார்கள், அவர்கள் போகிற வழியெல்லாம் யார் சொல்வது சரி என்று சண்டை போட்டுக்கொண்டு நேராக ஊருக்கே வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு பஜ்ஜி தின்று, குடமெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, வேன் சென்னிமலைக்குத் திரும்பியது. தண்டபாணி மறுபடி குறட்டை விட்டார், பிள்ளைகள் தூங்கினார்கள். சீட்டுக்கு அடியில் புளிச்சோற்றுக்குள்ளிருந்து அம்மிணி ஒருதரம், முடிந்தால் திரும்பி வரவும் என்றாள், யாரும் சட்டை செய்யவில்லை. புளியமரத்து முக்கு வந்தது. பலகை வெயிலில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, ஒரு பக்கம் ஏழுமடை அருவி, ஒரு பக்கம் மதுரை. சென்னியப்பன் வண்டியை நிறுத்தினார். பலகையைப் பார்க்கவில்லை, திரும்பி அவளைப் பார்த்தார்.

"துளசி, எந்தப் பக்கம் போறது?"

துளசிமணிக்குக் காது நன்றாகக் கேட்டது. ஈரத் தலையை விரித்துக் காற்றில் உலர்த்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். இன்னொரு தடவை கேட்கட்டும்.